ஆச்சி பத்தி கேட்டுட்டீங்க, இனி நிறுத்த மாட்டேன்

போன இதழ்ல நாகேஷ் பத்தி நாலு வரி எழுதினதுதான் தாமதம், மனோரமாவை எப்படி விடலாம்னு ஒரே சண்டை. சரி சாமி, இந்த வாரம் முழுக்க ஆச்சிதான்.

கே: மனோரமா நாடகத்துல பெரிய ஆளா, இல்ல சும்மா ரெண்டு மேடை ஏறிட்டு சினிமாவுக்கு வந்தவங்களா?
– ஒரு வாசகர், மன்னார்குடி

ப: உங்க ஊர்ல பொறந்தவங்களைப் பத்தி நீங்களே இப்படி கேட்டா எப்படிங்க! 1937ல மன்னார்குடியில பொறந்தாங்க, வீட்டுல வச்ச பேரு கோபிசாந்தா. அப்பா கைவிட்டதால அம்மா இவங்களைத் தூக்கிக்கிட்டு காரைக்குடி பக்கம் பள்ளத்தூருக்கு வந்துட்டாங்க. கஷ்ட ஜீவனம், படிப்பு பாதியிலயே நின்னுபோச்சு, 12 வயசு வாக்குல மேடை ஏறியாச்சு. மனோரமாங்கிற பேரே நாடகக்காரங்க வச்சதுதான். அப்புறம் வைரம் நாடக சபா, நடிகர் எஸ்.எஸ்.ஆர். (எஸ்.எஸ்.ராஜேந்திரன்) நாடகக் குழுவுல கலைஞர் எழுதின மணிமகுடம்னு போய்க்கிட்டே இருந்துச்சு. அண்ணாவோடயும் கலைஞரோடயும் மேடையில நடிச்சிருக்காங்க, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, என்.டி.ஆரோட சினிமாவுல, ஆக மொத்தம் அஞ்சு முதலமைச்சர்கள். இதை எல்லாரும் ஒரு ரெக்கார்டு மாதிரி சொல்றாங்க, ஆனா எனக்கு அதுல பெரிசா படறது என்னன்னா நாடகத்துல இவங்க காமெடி இல்ல, பல நேரம் கதாநாயகி.

கே: அப்படின்னா சினிமாவுல ஏன் காமெடி?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

ப: கண்ணதாசன் வேலை. 1958ல அவர் சொந்தமா எடுத்த மாலையிட்ட மங்கையில காமெடி வேஷம் கொடுத்தார். 1963ல மாடர்ன் தியேட்டர்ஸ் கொஞ்சும் குமரியில ஹீரோயினாவும் வந்தாங்க, ஆனா அந்தப் பாதை நீளல. ஹீரோயினாவே இருந்திருந்தா எப்பவோ காணாம போயிருப்பேன்னு அவங்களே பேட்டியில சொல்லியிருக்காங்க. வாஸ்தவம்தான், அந்தக் காலத்து ஹீரோயின்கள்ல எத்தனை பேர் 1990கள்லயும் வருஷம் தவறாம படம் பண்ணாங்க?

கே: தில்லானா மோகனாம்பாள் ஜில் ஜில் ரமாமணி, சும்மா கலாட்டா கேரக்டர்தானே? அதுக்கு ஏன் இவ்வளவு பில்டப்?
– ஒரு வாசகர், கோவை

ப: கோவிச்சுக்காதீங்க, நீங்க ஸ்பெஷல் நாடகம் பார்த்ததில்லைன்னு நினைக்கறேன். எங்க ஊர் திருவிழாவுல வள்ளி திருமணம் வைப்பாங்க. ஆர்மோனியக்காரர் ஒரு ஊரு, முருகன் வேஷக்காரர் ஒரு ஊரு, வள்ளி இன்னொரு ஊரு, ஒத்திகைன்னு ஒண்ணும் கிடையாது, ராத்திரி கொட்டகையிலதான் எல்லாரும் ஒண்ணா சேருவாங்க, விடிய விடிய நடக்கும். கதை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பபூன் வருவார், அப்புறம் டான்ஸ் பொண்ணு வரும். சின்ன வயசுல நான் மேடைக்குப் பின்னாடி போய் எட்டிப் பார்த்தேன், ட்ரங்க் பெட்டி மேல உக்காந்து கைக்கண்ணாடியில பவுடர் போட்டுக்கிட்டு இருந்த அந்த அக்கா, வெளியில விசில் சத்தம் கேக்குதே, அதைக் காதுலயே வாங்காம முட்டிக்கு தைலம் தேச்சுட்டு எந்திரிச்சாங்க. மேடை ஏறினதும் பார்க்கணும், முகம் பூரா சிரிப்பு!

படத்துல ஆச்சி பண்ற நாடகக்காரி ரமாமணி அந்த அக்காதான். படத்தோட ஹீரோ, நாதஸ்வர வித்வான் சிக்கல் சண்முகசுந்தரம்கிட்ட, உங்க நாயனத்துல மட்டும்தான் இந்தச் சத்தம் வருமா இல்ல எல்லா நாயனத்துலயும் இப்படித்தானான்னு அப்பாவியா கேப்பாங்களே, நாம சிரிக்கறோம். ஆனா கேக்கற முகத்துல கிண்டல் துளி கிடையாது, பெரிய வித்வானை முதல் தடவையா கிட்டத்துல பார்க்கற ஒரு கலைஞியோட ஆச்சரியம்தான் இருக்கும். எதிர்ல இருக்கறது சிவாஜி, அவரும் மேடையில இருந்து வந்தவர், பாலையாவும் அப்படியே, டைரக்டர் ஏ.பி.நாகராஜனும் நாடக கம்பெனியில வளர்ந்தவர், அதனால இந்த ஆளுங்களோட வலி அந்தப் படத்துக்குத் தெரியும். 1968ல வந்த படம், இன்னிக்கு டிவியில போட்டாலும் ரிமோட்டை யாரும் தொட மாட்டாங்க.

கே: ஆச்சி பாடுவாங்களாமே?
– ஒரு வாசகி, புதுச்சேரி

ப: பாடுவாங்களாவா? பொம்மலாட்டம் படத்துல சோவோட வர்ற வா வாத்தியாரே வூட்டாண்ட அவங்க சொந்தக் குரல்தாங்க. டெல்டாவுல பொறந்து செட்டிநாட்டுல வளர்ந்தவங்க மெட்ராஸ் பாஷையில அந்தப் பாட்டைப் பாடறாங்க, ராயபுரத்துல பொறந்தவங்க கூட அப்படி இழுக்க மாட்டாங்க. ஆனா அதே 1968ல ரமாமணிக்கு பாண்டியன் நானிருக்க பாடினது எல்.ஆர்.ஈஸ்வரி. இது எனக்கு இன்னமும் ஒரு சின்ன குறைதான், ஈஸ்வரியம்மா ரசிகர்கள் அடிக்க வராதீங்க.

கே: நிஜமாவே 1500 படமா? அவார்டு ஏதாவது கொடுத்தாங்களா?
– ஒரு வாசகர், சேலம்

ப: 1000 தாண்டினதுக்கு கின்னஸ்ல பேர் இருக்கு, அதுக்கு மேல எண்றதை நான் விட்டுட்டேன். பார்த்திபனோட புதிய பாதைக்கு தேசிய விருது, 2002ல பத்மஸ்ரீ. தேசிய விருது வர்றப்போ சினிமாவுக்கு வந்து 30 வருஷம் ஆகிப்போச்சு, லேட்டுதான். 2015 அக்டோபர்ல காலமானாங்க.

கே: என் பொண்ணுக்கு 15 வயசு, பழைய படம்னாலே ஓடறா. ஆச்சி யாருன்னு காட்ட ஒரே ஒரு படம் சொல்லுங்க.
– ஒரு வாசகி, தாம்பரம்

ப: கறுப்பு வெள்ளை வேண்டாம். 1990ல வந்த நடிகன் போடுங்க. கிழவர் வேஷத்துல வர்ற சத்யராஜை நிஜம்னு நம்பி ஆச்சி வெக்கப்படுவாங்க பாருங்க, பொண்ணு விழுந்து விழுந்து சிரிப்பா. அடுத்த நாள் சின்னக்கவுண்டர், துருத்திக்கிட்டு நிக்கற செட்டுப் பல்லோட வர்ற அம்மா. ரெண்டும் ஒரே ஆளுன்னு முன்கூட்டியே சொல்லிடாதீங்க, அவளா கண்டுபிடிக்கறாளான்னு பார்த்து எனக்கு எழுதுங்க.