தமிழ் அலமாரியும் ஸ்கேனரும்

அன்புள்ள ஐயா,

கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு வாயனசாலையின் (ஊர் நூலகம்) கமிட்டியில் இருக்கிறேன். மலையாளம் போக, நாலு அலமாரி நிறையத் தமிழ்ப் புத்தகங்கள் எங்களிடம் உண்டு. சாயங்காலம் பேப்பர் பார்க்கப் பெரியவர்கள் சிலர் வருகிறார்கள். பிள்ளைகள் எட்டிப் பார்ப்பதில்லை. எல்லாம் போனிலேயே கிடைக்குதுங்க என்கிறார்கள். நூலகத்தைப் புதுப்பிக்கக் கொஞ்சம் பணம் திரட்டியிருக்கிறோம். ஸ்கேனர் வாங்கித் தமிழ்ப் புத்தகம் முழுவதையும் பிடிஎஃப் ஆக்கி இணையத்தில் போடலாம் என்கிறது ஒரு கட்சி. நாலு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டால் போதும் என்கிறது இன்னொரு கட்சி. நீங்கள் எந்தப் பக்கம்? (பெயர் வேண்டாம்.)

*

அன்புள்ள நண்பருக்கு,

நான் மூன்றாவது கட்சி. ஸ்கேனர், கம்ப்யூட்டர் எல்லாம் அப்புறம். முதலில் உங்கள் புத்தகப் பட்டியலை, அதாவது ஸ்டாக் ரிஜிஸ்டரைத் தமிழ் எழுத்தில் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றுங்கள்.

சொந்தக் கதை ஒன்று. சில வருடங்களுக்கு முன் பாலக்காடு மாவட்டத்தில் ஒரு நூலகத்துக்குப் புத்தகம் தேடிப் போனேன். பட்டியல் கம்ப்யூட்டரில் இருந்தது. தலைப்பைத் தமிழில் அடித்தேன், ஒன்றும் வரவில்லை. ஆங்கில எழுத்தில் அடித்தேன். அதற்கும் இல்லை என்றது. திரும்பி வரும்போது கீழ்த்தட்டில் அதே புத்தகம் தூசியோடு நின்றது. தலைப்பில் ஒரு 'ழ' உண்டு. பதிந்தவர் இசட்-எச் போட்டிருக்கிறார், நான் சோம்பேறித்தனமாக எல் போட்டிருக்கிறேன். அவ்வளவுதான் விஷயம். அந்தக் கம்ப்யூட்டரை நம்பி எத்தனை பேர் வெறுங்கையோடு போனார்களோ! 'வாசகரின் நேரத்தைச் சேமி' என்று நூலகவியல் அறிஞர், சீர்காழிக்காரர் ரங்கநாதன் 1931-லேயே விதி வகுத்துவிட்டுப் போனார். நாம் கம்ப்யூட்டர் வைத்து அதை வீணாக்குகிறோம்.

தமிழில் பதிவதிலும் வம்பு உண்டு. பழைய பட்டியல் பாமினி மாதிரி எழுத்துருவில் இருந்தால் முதலில் எல்லாக் கருவிக்கும் பொதுவான யுனிகோடு குறியீட்டுக்கு மாற்றியாக வேண்டும். யுனிகோடிலும் 'கொ'வின் கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாகவும் எழுதலாம், தனித்தனியாக இரண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். மென்பொருள் சரியாக அமையாவிட்டால் தேடும்போது வேறு வேறாகிவிடும். கோஹா என்ற நூலக மென்பொருள் இலவசம். 2000-ஆம் ஆண்டுக் குழப்பத்தில் பழைய மென்பொருள் படுத்துவிடும் என்று பயந்து, நியூசிலாந்தில் ஒரு சிறிய நூலக அமைப்பு செய்யவைத்து ஊருக்கே கொடுத்தது. மாவோரி மொழியில் அந்தப் பெயருக்கு அன்பளிப்பு என்று பொருள். அதை நிறுவித்தரும் பையனிடம் 'ஐசியு முறையில் இண்டெக்ஸ் செய்' என்று மறக்காமல் சொல்லுங்கள். ஆஸ்பத்திரி ஐசியு இல்லை. தமிழ் போன்ற எழுத்துகளைத் தேடவைக்கும் ஏற்பாட்டுக்கு அப்படி ஒரு பெயர். கோஹா பெரிய வேலையாகத் தோன்றினால் கூகிள் ஷீட்டில் தலைப்பு, ஆசிரியர், அலமாரி எண் போட்டாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

சரி, ஸ்கேனர். உங்கள் நாலு அலமாரியில் கணிசமானவை ஏற்கெனவே இணையத்தில் கிடைக்கும். தமிழ்நாட்டு அரசு நாட்டுடைமையாக்கிய நூல்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நிறைய இருக்கின்றன. பழைய இலக்கியங்களை மதுரைத் திட்டத்துக்காரர்கள் 1998-லிருந்து தட்டச்சு செய்து போட்டுவருகிறார்கள். மற்றபடி, ஆசிரியர் இறந்து 60 வருடம் ஆகாத நூலை அனுமதியில்லாமல் ஏற்றினால் வக்கீல் நோட்டீஸ் வரும். கமிட்டியில் யாராவது துள்ளினால் இதைச் சொல்லுங்கள்.

ஆனால் உங்களிடம் மட்டுமே இருப்பவை சில உண்டு, அவற்றைக் கட்டாயம் படமெடுக்க வேண்டும். வாயனசாலை ஆண்டுவிழா மலர்கள், நாடக நோட்டீஸ்கள், திருவிழாப் பத்திரிகைகள், பழைய கமிட்டி மினிட்ஸ். முக்கியமாகக் கையெழுத்து மாசிகை, அதாவது கையாலேயே எழுதித் தைத்த பத்திரிகை. கேரளத்து வாயனசாலைகளில் அதற்கு ஒரு பெரிய மரபே இருக்கிறது. தமிழ்ப் பிள்ளைகள் எழுதிய பிரதிகள் உங்கள் பீரோவிலும் கிடக்கலாம். ஒரே ஒரு பிரதிதான் இருக்கும், போனால் போனதுதான். அதன் முதுகை ஸ்கேனரில் போட்டு அமுக்காதீர்கள், தையல் விட்டுவிடும். போனை ஒரு ஸ்டாண்டில் மாட்டி, ஜன்னலோரம் வெயில் நேராக விழாத இடத்தில் பக்கம் பக்கமாக எடுத்தால் போதும்.

பிள்ளைகளைப் பற்றி ஒன்று. கதை படிக்க வராதவர்கள் அரசு வேலைக்கான பிஎஸ்சி (பப்ளிக் சர்வீஸ் கமிஷன்) பரீட்சைக்குப் படிக்க இடம் தேடி அலைகிறார்கள். வீட்டில் டிவி ஓடுகிறது, தம்பி தங்கை சத்தம் வேறு. ஒரு பெரிய மேஜை, ஃபேன், வைஃபை, இரவு ஒன்பது மணிவரை திறந்த கதவு, கூட இரண்டே கம்ப்யூட்டர். ஸ்கேனருக்கு எடுத்துவைத்த பணத்தை இதில் போடுங்கள். உட்கார வந்தவன் ஒரு நாள் அலமாரிப் பக்கம் திரும்புவான், திரும்பாவிட்டாலும் பரவாயில்லை.

உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. தமிழ்நாட்டில் பொது நூலகம் அரசுத் துறை. சின்ன மாற்றத்துக்கும் மேலிடத்து உத்தரவு வர வேண்டும். உங்கள் பக்கம் அப்படி இல்லை. 1945-ல் பி.என்.பணிக்கர் அம்பலப்புழையில் 47 நூலகங்களைக் கூட்டி நூலகச் சங்கம் ஆரம்பித்ததிலிருந்து ஊர்க்காரர்கள் கமிட்டி போட்டு நடத்துவதுதான் அங்கே வழக்கம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்கிலேயே முடிவெடுத்துவிடலாம்.

தட்டச்சுக்கு ஆள் வேண்டுமென்றால் சித்தூர் கல்லூரித் தமிழ்த் துறைப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். பட்டியல் ஏறியதும் சுட்டியை எனக்கு அனுப்புங்கள். முதலில் 'ழ' உள்ள தலைப்பாகப் பார்த்துத் தேடுகிறேன்.