கிராஸ்ஓவரைக் கழற்றும் முன்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என்னிடம் இருபது ஆண்டுப் பழைய இருவழி ஸ்பீக்கர் (தாழ் ஒலிக்கு வூஃபர், உயர் ஒலிக்கு ட்வீட்டர்) ஜோடி ஒன்று இருக்கிறது. உள்ளே உள்ள கிராஸ்ஓவரை (ஒலியை இரண்டுக்கும் பிரித்து அனுப்பும் மின்சுற்றை) எடுத்துவிட்டு, டிஎஸ்பி (டிஜிட்டலாக ஒலியைப் பிரிக்கும் கருவி) ஒன்றும் நான்கு சேனல் ஆம்ப்ளிஃபையர் ஒன்றும் வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனி ஆம்ப்ளிஃபையர் சேனல் தரும் ஆக்டிவ் முறைக்கு மாற்ற விரும்புகிறேன். ட்வீட்டருக்குத் தொடராக 4.7 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் மட்டுமே இருக்கிறது. ட்வீட்டர் 8 ஓம் என்று எழுதியிருக்கிறது. 1/(2πRC) என்று கணக்குப் போட்டால் வெட்டுப்புள்ளி (எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே ட்வீட்டருக்கு ஒலி குறையத் தொடங்குகிறதோ அது) சுமார் 4,230 ஹெர்ட்ஸ் வருகிறது. ஆனால் ஒவ்வோர் அதிர்வெண்ணாக ஒலிக்கவிட்டு மல்டிமீட்டரால் அளந்தால் விடை பொருந்தவில்லை. எதை நம்புவது?

பதில்: இரண்டையுமே நம்ப வேண்டாம். உங்கள் சூத்திரம் சரியானதுதான். ஆனால் அது ட்வீட்டரை எல்லா அதிர்வெண்ணிலும் மாறாத 8 ஓம் ரெசிஸ்டராக எடுத்துக்கொள்கிறது. உண்மையான ட்வீட்டரின் மின்மறுப்பு (ஏசி மின்சாரத்துக்குக் காட்டும் தடை) அதன் ஒத்ததிர்வுப் புள்ளியில் மேடுபோல உயர்ந்து, பின் இறங்கி, காயிலின் தூண்டலால் மேல் அதிர்வெண்களில் மீண்டும் ஏறுகிறது. போதாததற்கு, இருபது ஆண்டுப் பழைய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் தன்மேல் அச்சிட்ட மதிப்பிலேயே இன்னும் இருக்கும் என்பதற்கும் உறுதியில்லை. மல்டிமீட்டரைப் பொறுத்தவரை, சாதாரணக் கைமீட்டர்கள் பல 40 முதல் 400 ஹெர்ட்ஸ் வரைதான் ஏசி வோல்ட்டைச் சரியாகக் காட்டும். 4,000 ஹெர்ட்ஸில் அது காட்டும் எண்ணுக்குப் பொருளில்லை.

வீட்டிலேயே செய்யக்கூடிய நம்பகமான வழி, இரண்டு லைன் உள்ளீடுகள் கொண்ட ஒரு சவுண்ட் கார்டும், இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருளும் கொண்டு அளப்பதே. வூஃபரைக் கழற்றி, ட்வீட்டர் முனையிலும் வூஃபர் முனையிலும் மெல்லிய வயர்களைப் பற்றவைத்து, அவற்றைப் பெட்டிக்கு வெளியே கொண்டுவந்தபின் வூஃபரை மீண்டும் இறுக்கமாகப் பொருத்திவிடுங்கள். பெட்டிக்குள் இருக்கும்போது வூஃபருக்கு உள்ள மின்மறுப்பு வேறு, மேசைமேல் கிடக்கும்போது உள்ளது வேறு; ஸ்பீக்கர்களே இணைக்காமல் கிராஸ்ஓவர் பலகையை மட்டும் அளப்பதோ முற்றிலும் பயனற்றது. ஒரு சேனலில் ஆம்ப்ளிஃபையர் வெளியீட்டையும், மறு சேனலில் ட்வீட்டர் அல்லது வூஃபர் முனையையும் வாங்கி இரண்டாவதை முதலாவதால் வகுத்தால், ஆம்ப்ளிஃபையரின் தன்மை நீங்கி, கிராஸ்ஓவரின் வளைவு மட்டும் கட்டத்துடன் (phase, அலையின் நேர நிலை) சேர்ந்து கிடைக்கும். இரண்டு சேனல்களிலும் 10 கிலோஓம், 1 கிலோஓம் ரெசிஸ்டர்களால் மின்னழுத்தத்தைப் பதினொன்றில் ஒரு பங்காகக் குறைத்தே சவுண்ட் கார்டுக்குள் விடுங்கள். தொடங்கும்போது 400 ஹெர்ட்ஸ் ஒலியை வைத்து, ஆம்ப்ளிஃபையர் வெளியீடு 1 வோல்ட் வரும்படி ஒலியளவை அமைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு வேலைக்கு உங்கள் மல்டிமீட்டர் போதும்.

சவுண்ட் கார்டின் கிரவுண்ட் கிளிப்பை மாட்டும் இடத்தில் மிகுந்த கவனம் வேண்டும். பல கிராஸ்ஓவர்களில் ட்வீட்டரைத் தலைகீழாக இணைத்திருப்பார்கள். அப்போது ட்வீட்டரின் மைனஸ் முனைதான் சிக்னல் வரும் முனை. அங்கே கிரவுண்டை மாட்டினால் ட்வீட்டருக்குச் செல்லும் மின்சாரம் நேராகக் கிரவுண்டுக்குப் போய்விடும். ஆகவே அந்தக் கிளிப் எப்போதும் ஆம்ப்ளிஃபையரின் மைனஸ் முனையிலேயே இருக்கட்டும். இன்றைய சிறிய கிளாஸ்-டி பலகைகள் பலவற்றில் இரண்டு ஸ்பீக்கர் முனைகளுமே சிக்னல் முனைகள், கிரவுண்ட் என்று எதுவுமில்லை. இதைக் கவனிக்காமல் நானே ஒரு சவுண்ட் கார்டை இழந்திருக்கிறேன். அளப்பதற்கு மட்டுமாவது, மைனஸ் முனை கிரவுண்டாக உள்ள பழைய பாணி ஆம்ப்ளிஃபையரைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: அப்படி அளந்து கிடைத்த வெட்டுப்புள்ளியை டிஎஸ்பியில் 24 டெசிபல் லிங்க்விட்ஸ்-ரைலி (ஆக்டேவுக்கு 24 டெசிபல் சரிவுள்ள ஒரு வடிகட்டி வகை) என்று போட்டால் போதாதா?

பதில்: போதாது. பெரும்பாலோர் சறுக்குவது இந்த இடத்தில்தான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். சந்திப்புப் புள்ளியில் வூஃபர், ட்வீட்டர் இரண்டும் 6 டெசிபல் இறங்கி, கட்டம் ஒத்துச் சமமாகக் கூட வேண்டும் என்ற லிங்க்விட்ஸ்-ரைலி இலக்கு, காதுக்கு வரும் ஒலிக்கு உரியது. வயரில் ஓடும் மின்னழுத்தத்துக்கு உரியதன்று. கிராஸ்ஓவர் ஒலியைப் பிரிப்பதோடு நிற்பதும் இல்லை. பிபிசி 1970-களில் வடிவமைத்த எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கரைப் பாருங்கள்: ஏறத்தாழ 3 கிலோஹெர்ட்ஸில் பிரிக்கும் அதன் கிராஸ்ஓவர், கெஃப் பி110 வூஃபர் நடு அதிர்வெண்களில் காட்டும் மேட்டையும் தட்டிச் சமன்செய்கிறது; டி27 ட்வீட்டரின் அளவை டேப் எடுத்த (இடையிடையே இணைப்பு முனைகள் உள்ள) காயிலால் குறைக்கிறது. அந்தப் பலகையை எடுத்துவிட்டு 3 கிலோஹெர்ட்ஸ் என்று மட்டும் டிஎஸ்பியில் எழுதினால், அந்த மேடு அப்படியே வெளியே வந்துவிடும்.

ஆகவே மைக்கால் இரண்டு முறை அளக்க வேண்டும். முதலில் பழைய கிராஸ்ஓவர் வழியாக வூஃபர், ட்வீட்டர் ஒவ்வொன்றையும் தனித்தனியே அளந்து சேமியுங்கள். பிறகு கிராஸ்ஓவர் இல்லாமல் நேரடியாக அளந்து, டிஎஸ்பியைக் கொண்டு முதல் வளைவை எட்டப் பாருங்கள். மேம்பாடெல்லாம் அதற்குப் பிறகுதான். 3 மீட்டர் உயர அறையில் ஸ்பீக்கரையும் மைக்கையும் 1.5 மீட்டர் உயரத்தில், 1 மீட்டர் இடைவெளியில், சுவர்களிலிருந்து நன்றாகத் தள்ளி வைத்தால், தரையிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் ஒலி 6.3 மில்லிநொடி தாமதமாக வரும். அதற்கு முன் வந்ததை மட்டும் வெட்டி எடுத்தால் 160 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள கோட்டை நம்ப முடியாது. அந்தப் பகுதிக்கு மைக்கை வூஃபர் கோனுக்கு அரை சென்டிமீட்டர் அருகே வைத்துத் தனியாக அளந்து இணைக்க வேண்டும்.

கேள்வி: ட்வீட்டரை ஆம்ப்ளிஃபையரோடு நேரடியாக இணைப்பது ஆபத்தா?

பதில்: ஆம். ஆம்ப்ளிஃபையரை ஆன் செய்யும்போது வரும் ஒரு 'டப்' ஒலியே மெல்லிய வாய்ஸ் காயிலுக்குக் கேடு விளைவிக்கக்கூடும். ஆக்டிவ் முறைக்கு மாற்றிய பின்னும் 47 மைக்ரோஃபாரட் அளவுள்ள கெப்பாசிட்டர் ஒன்றைத் தொடராக விட்டுவைப்பதே என் வழக்கம். 6 ஓமுக்கு அது சுமார் 560 ஹெர்ட்ஸில்தான் வெட்டுகிறது. அதைப் பொருத்திய பிறகே ட்வீட்டரை மைக்கால் அளந்தால், அதனால் ஏற்படும் கட்ட மாற்றமும் அளவிலேயே சேர்ந்துவிடும். அப்போதும் ஸ்வீப்பை (தாழ்விலிருந்து உயர்வுக்கு ஏறிச்செல்லும் சோதனை ஒலியை) 20 ஹெர்ட்ஸில் தொடங்காமல் 1,000 ஹெர்ட்ஸிலிருந்து, தாழ்ந்த ஒலியளவில் தொடங்குங்கள்.