பின் சொக்கை வீட்டிலேயே சரிசெய்யலாமா?

பின்னால் ஆள் ஏறினால் பைக் அடிவாங்குகிறது, புது சொக் (குலுக்கலைத் தாங்கும் ஸ்பிரிங் பூட்டிய தண்டு) போடவா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். பின்சில்லின் இரு பக்கமும் ஒவ்வொன்றாக இரட்டைச் சொக் என்றால் ஸ்பிரிங்கின் ஒரு முனையில் படிப்படியாக வெட்டிய வளையம் இருக்கும். கொக்கிச் சாவியால் இரண்டு பக்கமும் ஒரே படிக்கு இறுக்குங்கள். ஆள் ஏறியதும் பின்சில்லின் மொத்த அசைவில் மூன்றிலொரு பங்கு இறங்கினால் சரி.

நிலாவெளி உப்புக்காற்றில் என்னுடைய வளையம் துருவேறி இறுகிப்போயிற்று. துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஓரிரவு விட்ட பிறகுதான் அசைந்தது, அதுவும் முனகிக்கொண்டு!

சொக்கின் தண்டில் எண்ணெய் கசிந்தாலோ, பைக்கின் பின்பக்கத்தை அமுக்கிவிட்டதும் துள்ளிக்கொண்டே இருந்தாலோ வளையத்தைத் திருப்பிப் பயனில்லை. அப்போது சோடியாக மாற்றுங்கள், அதே நீளத்தில். நடு ஸ்டாண்டில் ஏற்றி, ஒன்றைப் பூட்டிய பிறகே மற்றதைக் கழற்றுங்கள். இல்லாவிட்டால் சில்லு தொங்கி, போல்ட் துளை நேருக்கு வராது.