கொலைகாரனாக நடித்தவர் எடுத்த 'காந்தி'

கே: 'காந்தி' படத்தை இயக்கிய ரிச்சர்ட் அட்டன்பரோ அடிப்படையில் நடிகராமே? நடிப்பு சரிப்படாமல்தான் டைரக்‌ஷன் பக்கம் வந்தாரா? (வாசகர், கும்பகோணம்)

ப: நன்றாகவே சரிப்பட்டது. 'பிரைட்டன் ராக்' கதையில் வரும் பிங்கி என்ற பொடிப்பையன் ரவுடியாக 1943இல் லண்டன் மேடையில் நடித்தார். அப்புறம் சினிமாவிலும் அதே வேடம் அவருக்கே. பால்வடியும் முகம், கண்ணில் மட்டும் ஈரமே இருக்காது. 1971இல் '10 ரில்லிங்டன் பிளேஸ்' படத்தில் கிறிஸ்டி என்ற நிஜக் கொலைகாரன். கொலைகள் நடந்த அதே தெருவில் போய் எடுத்தார்கள். வழுக்கைத் தலையும் மூக்குக்கண்ணாடியுமாக, மெல்லிய குரலில் பேசிக்கொண்டே டீ போட்டுக் கொடுப்பார். பார்க்கிற நமக்குக் குலை நடுங்கும்.

பணக்கதை இன்னும் சுவாரசியம். 1952இல் அகதா கிறிஸ்டியின் 'மவுஸ்டிராப்' என்ற கொலை மர்ம நாடகம் லண்டனில் தொடங்கியபோது இவர்தான் அதில் போலீஸ்காரர். மனைவி ஷீலா சிம்மும் உடன் நடித்தார். இருவரும் சம்பளத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து லாபத்தில் பங்கு வாங்கிக்கொண்டார்கள். நாடகமோ எழுபது வருஷம் தாண்டியும் ஓடுகிறது! (கொலையாளி யார் என்று கேட்காதீர்கள், வெளியே சொல்லக்கூடாது என்பது அந்த நாடகத்தின் மரபு.) அந்தப் பொன்முட்டையில் கொஞ்சத்தை ஒரு ரெஸ்டாரன்ட்டில் விட்டார். மிச்சப் பங்கையும் 'காந்தி' பாதியில் நின்றுவிடாமல் இருக்க விற்றார்.

1962இல் லண்டன் இந்திய ஹைகமிஷனில் வேலை பார்த்த மோதிலால் கோத்தாரி போன் செய்து காந்தி படம் எடுக்கக் கேட்டார். படம் வெளியானது 1982இல். இடையில் நேருவைப் பார்த்தபோது, காந்தியைத் தெய்வமாக்கிவிடாதீர்கள் என்பதுதான் நேரு சொன்ன யோசனை. இறுதி ஊர்வலக் காட்சியை 1981 ஜனவரி 31 அன்று, நிஜ ஊர்வலம் நடந்த அதே தேதியில், டெல்லியில் எடுத்தார்கள். சுமார் 3 லட்சம் பேர், 11 கேமரா குழுக்கள். படத்தில் வருவது இரண்டு நிமிடம் சொச்சம்!

கே: அவர் இந்தியப் படத்தில் நடித்திருக்கிறாரா? (வாசகி, நெல்லை)

ப: ஓ! சத்யஜித் ராயின் 'சத்ரஞ்ச் கே கிலாடி' (1977). லக்னோ நவாபின் ராஜ்யத்தைக் கைப்பற்றும் ஆங்கிலேய ஜெனரல் அவுட்ரம் இவர்தான்.

கே: ஆஸ்காரில் 'காந்தி' 8 விருதுகளை அள்ளியது 'ஈ.டி.'க்கு அநியாயம் இல்லையா? (வாசகர், சேலம்)

ப: 'ஈ.டி.'தான் ஜெயித்திருக்க வேண்டும் என்று அட்டன்பரோவே சொல்லியிருக்கிறார். அந்தப் படத்தை இயக்கிய ஸ்பீல்பெர்க்கும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. பல வருஷமாக நடிப்பை மூட்டை கட்டி வைத்திருந்தவரைக் கூப்பிட்டு 'ஜுராசிக் பார்க்'கில் (1993) பூங்கா முதலாளி ஆக்கினார். கைத்தடிப் பிடியில் பிசினுக்குள் சிக்கிய கொசுவோடு வருவாரே, அந்தத் தாத்தா! அதே வருஷம் இவர் இயக்கிய 'ஷேடோலேண்ட்ஸ்' வந்தது. என்னைக் கேட்டால் இவர் எடுத்ததில் அதுதான் உசத்தி. அதில் நடித்த ஆன்டனி ஹாப்கின்ஸை நம்பிக் கேமரா பாட்டுக்குச் சும்மா நிற்கும். தேடிப் பாருங்கள்.