குண்டு தடுக்கும் உடுப்பு: உங்கள் கேள்விகளுக்கு ஒரு தையல்காரியின் பதில்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தனியார் காவல் நிறுவனங்களுக்குக் கவச உறை தைக்கும் பட்டறையில் பதினெட்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். உறை என்பது வெறும் துணி. குண்டைத் தடுப்பவை அதனுள் செருகும், இழை அடுக்குகளால் ஆன மென்பலகையும், பீங்கான் போன்றவற்றால் ஆன வன்தகடும்தான். இதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

சாட்ஸ்வர்த், இரவுக் காவலர்: அக்கா, எனக்குக் கொடுத்த கவசத்தில் '3ஏ' என்று இருக்கிறது. ஏ.கே. 47 குண்டைத் தாங்குமா?

தாங்காது, தம்பி. கவசங்களுக்குத் தரம் வகுக்கும் அமெரிக்க அரசு அமைப்பான என்.ஐ.ஜே. 2008இல் வெளியிட்ட தரப்படி, 3ஏ கைத்துப்பாக்கிக்கு உரியது; .44 மேக்னம் என்னும் வலுவான கைத்துப்பாக்கிக் குண்டு வரை நிறுத்தும். ரைஃபிளுக்கு 3ஆம் நிலை, கவசம் துளைக்கும் ரைஃபிள் குண்டுக்கு 4ஆம் நிலை. 2023இல் வந்த புதிய தரத்தில் கைத்துப்பாக்கிக்கு 'எச்.ஜி.', ரைஃபிளுக்கு 'ஆர்.எஃப்.' என்று பெயர் மாறிவிட்டது. பணம் ஏற்றிச் செல்லும் வண்டிகளை ரைஃபிளோடு வந்து மறிக்கும் நாடு இது. அந்த வண்டியில் ஏறச் சொன்னால், வன்தகடு கொடுங்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

பீனிக்ஸ், சிறு காவல் நிறுவன உரிமையாளர்: 'எடை குறைந்த உறை' என்று விற்கிறார்கள். எடை எங்கே குறைகிறது?

துணியில் கொஞ்சம் குறைகிறது. 1000 டெனியர் நைலானுக்குப் பதில் 500 டெனியர் போடுகிறார்கள்; டெனியர் என்பது நூலின் பருமனைச் சொல்லும் அளவு. பைகளை மாட்டும் பட்டிகளை நாங்கள் வரிசையாக வைத்து, ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு பார்டாக் (நெருக்கமான பிடிப்புத் தையல்) போட்டுத் தைப்போம். மழையில் நனைந்தால் அந்தப் பட்டியும் நூலும் தண்ணீரைக் குடித்துக் கனக்கும். இப்போது துணியிலேயே லேசரால் கீறல் வெட்டிவிடுகிறார்கள், பட்டியே இல்லை. அமெரிக்க மரைன் படைக்கு 2018இல் ஒப்பந்தமான உறை, தோள்பகுதித் துணியைக் குறைத்து, பழையதைவிட ஏறத்தாழ கால்பங்கு எடை குறைந்து வந்தது.

ஆனாலும் தோளை அழுத்துவது தகடுதான். தகடு செய்யும் பொருள்களில், ஒரு கன சென்டிமீட்டர் அலுமினாப் பீங்கான் ஏறத்தாழ 3.9 கிராம்; சிலிக்கன் கார்பைடு 3.2, போரான் கார்பைடு 2.5. பாலிஎத்திலீன் என்னும் பிளாஸ்டிக் 0.97தான், தண்ணீரில் மிதக்கும். ஆசைப்பட்டு அதை மட்டும் வாங்கிவிடாதீர்கள். எஃகு முனை வைத்த 5.56 மி.மீ. ரைஃபிள் குண்டு, தனிப் பாலிஎத்திலீன் தகட்டைத் துளைத்துவிடக்கூடும். எந்தெந்தக் குண்டால் சுட்டுச் சோதித்தார்கள் என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க், காவலரின் மனைவி: புழுக்கம் என்று சொல்லி என் கணவர் கவசத்தைத் தளர்த்தி, வயிறு வரை இறக்கிப் போடுகிறார். பரவாயில்லையா?

கூடவே கூடாது, அம்மா. கழுத்து எலும்பு இரண்டும் சேருமிடத்தில் விரல் வைத்தால் ஒரு குழி தட்டுப்படும். தகட்டின் மேல்விளிம்பு அங்கே நிற்க வேண்டும். இதயமும் பெரிய ரத்தக்குழாய்களும் அதற்குக் கீழேதான் இருக்கின்றன. போன மாதம் உறை கிழிந்ததென்று ஒருவர் வந்தார். போட்டுக் காட்டச் சொன்னேன். தகடு குழிக்கு நான்கு விரல் கீழே தொங்கியது. கிழிசலை விட்டுவிட்டு முதலில் தோள்பட்டியை ஏற்றினேன். பக்கப்பட்டி, மூச்சை நன்றாக இழுத்தாலும் இறுக்காத அளவுக்கு இருந்தால் போதும். டர்பன் பிப்ரவரியின் வேக்காடு எனக்கும் தெரியும். வியர்வை உலரும் பனியன் ஒன்று உள்ளே போடச் சொல்லுங்கள்; கவசம் இறங்கக் கூடாது.

லெனேசியா: துவைக்கலாமா?

உறையை மட்டும், பலகைகளை உருவிவிட்டு, மிதமான சோப்பில் கையால் துவைத்து நிழலில் உலர்த்துங்கள். மென்பலகையை ஈரத்துணியால் துடைத்தால் போதும். மடிக்காமல் தட்டையாக வையுங்கள். கார் டிக்கியில் போட்டு வேகவிடாதீர்கள். இழை கெடுவது கண்ணுக்குத் தெரியாது. சைலான் என்னும் இழையை ஒரு காலத்தில் கொண்டாடினார்கள். 2003இல் பென்சில்வேனியாவில் ஒரு போலீஸ்காரர் அணிந்திருந்த சைலான் கவசத்தைக் குண்டு துளைத்தது. ஆராய்ந்ததில் வெப்பமும் ஈரமும் அந்த இழையைத் தின்பது தெரிந்து, 2005இல் என்.ஐ.ஜே. அங்கீகாரத்தை விலக்கிக்கொண்டது. மென்பலகைச் சீட்டில் தேதி பாருங்கள். பெரும்பாலும் ஐந்து ஆண்டுதான் உத்தரவாதம்.

டோங்காட்: பழைய பீங்கான் தகடு பாதி விலைக்குக் கிடைக்கிறது, அக்கா. வாங்கட்டுமா?

வேண்டாம், தம்பி. ஒருமுறை சிமெண்டுத் தரையில் விழுந்திருந்தாலே உள்ளே விரிசல் ஓடியிருக்கலாம். மேலே துணி சுற்றியிருப்பதால் வெளியே தெரியாது. எக்ஸ்-ரே எடுத்துத்தான் பார்க்க வேண்டும். விற்கிறவர் அந்தப் படத்தைக் காட்டினால் மறுபடி எழுதுங்கள், பேசலாம்.