கழுத்தில் வெள்ளை வளையம்: இறால் தொட்டிக் கேள்விகள்

இந்த மாதக் கடிதங்கள் எல்லாமே செர்ரி இறாலை, அதாவது அழகுக்காகத் தொட்டியில் வளர்க்கும் சின்ன நன்னீர் இறாலைப் பற்றித்தான், அதிலும் ஓடு கழற்றும்போது சாவதைப் பற்றி. மீன் வளர்ப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இரண்டடித் தொட்டியில் சிவப்புச் செர்ரி இறால் வளர்க்கிறேன், கொளத்தூரில் வாங்கியவை. கேன் தண்ணீர்தான் ஊற்றுகிறேன், டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) 40 காட்டுகிறது. சுத்தமாக இருக்கட்டும் என்று ஞாயிறுதோறும் பாதித் தண்ணீரை மாற்றிவிடுவேன். திங்கள், செவ்வாயில் ஒன்றிரண்டு செத்துக் கிடக்கின்றன, கழுத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையத்தோடு. கடைக்காரர் கால்சியம் மாத்திரை போடச் சொல்கிறார். போடலாமா? (வாசகர், வேளச்சேரி)

பதில்: மாத்திரை வேண்டாம். கோளாறு உங்கள் ஞாயிற்றுக்கிழமையில் இருக்கிறது.

இறாலின் ஓடு வளராது, உள்ளே இருக்கும் உடல் வளரும். அதனால் பழைய ஓட்டுக்கு அடியில் மெல்லிய புது ஓடு ஒன்று தயாராகும், அது தயாரானதும் இறால் தண்ணீரை உறிஞ்சி உடம்பை உப்பவைக்கும், தலை ஓடும் உடல் ஓடும் சேருகிற இடத்தில் மேல்பக்கமாக ஒரு பிளவு விழும், உடம்பை வளைத்து ஒரே துள்ளலில் வெளியே வந்துவிடும். முதுகில் பட்டன் வைத்த சட்டை மாதிரி, மேலே மட்டும்தான் திறக்க வேண்டும். உங்கள் இறால்களில் அந்தப் பிளவு மேலே நிற்காமல் சுற்றி முழுக்கப் போய்விட்டது. தலைப் பக்கம் ஒரு துண்டு, வால் பக்கம் ஒரு துண்டு, நடுவில் தெரிகிற வெளுத்த சதைதான் நீங்கள் பார்த்த வளையம். இரண்டு துண்டிலிருந்தும் உருவிக்கொள்ள அதற்குப் பிடிமானம் கிடைப்பதில்லை, பெரும்பாலும் ஓரிரு நாளில் செத்துவிடும். இடுக்கியால் உரித்துவிடுகிறேன் என்று சிலர் இறங்குவார்கள், செய்யாதீர்கள், புது ஓடும் சேர்ந்து கிழியும்.

இது இரண்டு காரணத்தால் வரும், உங்களிடம் இரண்டுமே இருக்கின்றன. ஒன்று, நீங்கள் ஊற்றும் கேன் தண்ணீர் உப்பை வடிகட்டி எடுத்த ஆர்ஓ தண்ணீர், அதில் கால்சியமும் மக்னீசியமும் கிட்டத்தட்ட கிடையாது. புது ஓடு கெட்டிப்பட வேண்டிய கால்சியத்தில் பெரும்பங்கை இறால் செவுள் வழியாகத் தண்ணீரிலிருந்தே எடுக்கிறது. இரண்டு, பாதித் தொட்டியை ஒரே நாளில் மாற்றும்போது தண்ணீரின் உப்பளவு சட்டென்று இறங்குகிறது, உடம்புக்குள் தண்ணீர் ஏறுகிறது, புது ஓடு தயாராகும் முன்பே பழையது வெடிக்கிறது. ஞாயிறு மாற்றி திங்கள் சாவதற்குக் கணக்கு இதுதான்.

ஆர்ஓ தண்ணீரே நல்லதுதான், வெறுமையாக ஊற்றக் கூடாது, அவ்வளவே. இறாலுக்கென்று விற்கும் தாது உப்புப் பொடியை வாளியிலேயே கலந்து, பிறகு தொட்டிக்குப் போகட்டும். செர்ரிக்கு ஜிஎச் (கால்சியம், மக்னீசியத்தின் அளவு) 6 முதல் 8, கேஎச் (கார்பனேட் அளவு) 2 முதல் 5, டிடிஎஸ் 150 முதல் 250 இருந்தால் போதும். ஆனால் இன்றைக்கே 40-லிருந்து 200-க்குத் தூக்கிவிடாதீர்கள், அதுவும் அதே அதிர்ச்சிதான். வாரம் பத்து சதவீதம் மட்டும், ஏர் டியூபில் முடிச்சுப் போட்டுச் சொட்டுச் சொட்டாக விடுங்கள், தானாக ஏறும். இடையில் இன்னும் ஒன்றிரண்டு சாகலாம், பதறி மறுபடி பாதித் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள்.

மாத்திரை விஷயம்: மனிதர்கள் சாப்பிடும் மாத்திரையில் கால்சியம் கார்பனேட்டோடு ஒட்டுப்பொருள், சாயம், வைட்டமின் எல்லாம் இருக்கும். தண்ணீர் கலங்கும், வேறு பெரிய பலன் இல்லை. நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று விற்கிற கணவாய் ஓடு பரவாயில்லை, போட்டால் கெடுதல் கிடையாது, ஆனால் மெதுவாகத்தான் கரையும், மக்னீசியமும் அதில் சொல்லும்படி இல்லை.

கேள்வி: எங்கள் போர் தண்ணீரில் டிடிஎஸ் 900. உப்புக்குக் குறைவே இல்லை, அப்புறம் ஏன் ஓடு கழற்ற முடியாமல் சாகிறது? (வாசகி, பழைய மாமல்லபுரம் சாலை)

பதில்: அந்த மீட்டர் தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்து ஓர் எண்ணைச் சொல்கிறது, எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது. கடலோரப் பகுதியில் நிலத்தடி நீரில் சமையல் உப்பு கலந்திருப்பது சாதாரணம், சோடியத்தை வைத்து இறால் ஓடு கட்டாது. டிடிஎஸ் 900 இருந்தும் ஓட்டுக்கு வேண்டிய தாது குறைவாக இருக்கலாம், அல்லது நேர்மாறாக ஜிஎச் 25-க்கு மேல் போயிருக்கலாம். சொட்டு விட்டு நிறம் பார்க்கிற ஜிஎச் கிட் ஒன்று வாங்குங்கள், எத்தனையாவது சொட்டில் நிறம் மாறுகிறதோ அத்தனை டிகிரி. இறால் வளர்ப்பவர் டிடிஎஸ் மீட்டர் வாங்கும் முன் இதைத்தான் வாங்க வேண்டும் என்பேன்.

ஒரு பங்கு போர் தண்ணீருக்கு மூன்று பங்கு ஆர்ஓ கலந்தால் டிடிஎஸ் 230 பக்கம் வந்துவிடும், ஜிஎச் போதவில்லை என்றால் பொடி சேர்க்கலாம். இன்னொன்று, வெயிலில் தொட்டித் தண்ணீர் வற்றும்போது ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே நிற்கும். நீங்கள் தினமும் போர் தண்ணீரால் நிரப்பினால் மாதம் முழுக்க உப்பு ஏறிக்கொண்டே போகும், அதிலும் 30 டிகிரி சூட்டைக் குறைக்கத் தொட்டிமேல் ஃபேன் வைத்திருந்தால் இன்னும் வேகமாக. வற்றியதை நிரப்ப மட்டும் வெறும் ஆர்ஓ ஊற்றுங்கள்.

கேள்வி: செத்த இறால் என்று நினைத்து எடுத்தால் வெறும் கூடாக இருக்கிறது. (வாசகர், திருப்பூர்)

பதில்: கழற்றிப் போட்ட ஓடு. கண்ணாடி போல இருக்கும், மீசை, கால் நுனி, கண்ணை மூடிய மெல்லிய தோல் வரை அப்படியே அச்சாக வரும். செத்த இறால் வெளுத்தோ இளஞ்சிவப்பாகவோ மாறும், உள்ளே சதை இருக்கும். ஓட்டை எடுக்காதீர்கள், மற்ற இறால்கள் தின்றுவிடும், அந்தக் கால்சியம் வீணாக வேண்டாம்.

கேள்வி: வேதாரண்யத்தில் மாமா இறால் பண்ணை வைத்திருக்கிறார். அமாவாசை, பௌர்ணமிக்கு ஓடு கழற்றும், முன்னாலேயே மினரல் போடணும் என்கிறார். தொட்டிக்கும் அப்படியா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: மாமாவின் அனுபவத்தோடு சண்டை போடமாட்டேன். பண்ணைக்காரர்கள் எல்லோரும் சொல்வது அது, அந்த நாட்களில் தீவனம் எடுப்பது குறைவதை வைத்தே கணக்குப் போடுவார்கள். ஆனால் அங்கே ஒரே நாளில் விட்ட, ஒரே வயது வன்னாமி (பண்ணையில் வளர்க்கும் இறால் இனம்) குஞ்சுகள், உப்புத் தண்ணீர். உங்கள் தொட்டியில் குஞ்சிலிருந்து கிழம் வரை இருக்கும். குஞ்சு வாரத்துக்கொரு முறைகூடக் கழற்றும், பெரியது மூன்று முதல் ஐந்து வாரம் எடுத்துக்கொள்ளும். காலண்டரைப் பார்ப்பதைவிட இறாலைப் பாருங்கள்: கழற்றப் போகிற இறால் சாப்பிடாமல் ஒதுங்கி நிற்கும், கழற்றியதும் ஓடு மெத்தென்று இருப்பதால் பாசிக்குள் ஒளிந்துகொள்ளும். வளர்ந்த பெண் இறால் கழற்றியதும் ஆண்கள் எல்லாம் பைத்தியம் பிடித்த மாதிரி தொட்டி முழுக்கச் சுற்றும், இணை சேர்வது அப்போதுதான். அந்தச் சமயத்தில் கையை விட்டுத் தொட்டியைக் கிளறாதீர்கள்.

கேள்வி: நேற்று வரை நன்றாக இருந்த இறால் எல்லாம் இன்று துடித்துச் செத்துவிட்டன. மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இதுவும் ஓடு கழற்றும் கோளாறா? (வாசகர், மதுரை)

பதில்: இல்லை. ஓட்டுக் கோளாறு ஒன்றிரண்டாகக் கொல்லும். எல்லாம் ஒரே நாளில் போய் மீன் மட்டும் பிழைத்தால் முதலில் விஷத்தைச் சந்தேகிக்க வேண்டும். கொசு மருந்து அடித்தீர்களா, அறையில் லிக்விட் கொசுவிரட்டி ஓடுகிறதா, டெங்கு சமயத்தில் சம்ப்பில் அபேட் (கொசுப் புழுவைக் கொல்லும் மருந்து) ஊற்றினார்களா, செம்பு கலந்த மீன் மருந்து விட்டீர்களா, பூச்சிமருந்து அடித்திருக்கக்கூடிய கடைக் கீரையை வேகவைத்துப் போட்டீர்களா என்று யோசியுங்கள். பூச்சியைக் கொல்கிற மருந்து இறாலையும் கொல்லும், இரண்டும் கணுக்காலிகள், மீனுக்குப் பாதிப்பு தெரியாத அளவே இறாலுக்குப் போதும். ஃபில்டரில் புது ஆக்டிவேட்டட் கார்பன் வையுங்கள், சம்ப் தண்ணீரை விட்டுவிட்டு வேறு தண்ணீர் எடுங்கள். மறுபடி வாங்கும்போது மொத்தமாக விடாமல் இரண்டே இரண்டை விட்டு, அவை ஒருமுறை ஓடு கழற்றும் வரை பொறுத்து, அப்புறம் மிச்சத்தை வாங்குங்கள்.