மார்மன்கள் காபி குடிக்க மாட்டார்கள், கோலா மட்டும் குடிக்கலாமா?

மார்மன்கள் என்பவர்கள் அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவ சபையினர். அவர்கள் காபியைத் தவிர்க்க, காபியிலும் கோலாவிலும் இருக்கும் காஃபீன் என்ற ஊக்கப்பொருள்தான் காரணம் என்றால் கோலாவுக்கும் தடை இருக்க வேண்டுமே என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் காரணம் காஃபீன் இல்லை.

1833-ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், இந்தச் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் கடவுள் தமக்கு வெளிப்படுத்தியதாக ஒரு போதனையைச் சொன்னார். 'ஞான வார்த்தை' என்பார்கள். மது, புகையிலை, 'சூடான பானங்கள்' வேண்டாம் என்கிறது அது. சூடான பானம் என்பதற்குச் சபைத் தலைவர்கள் சொன்ன பொருள் காபியும் தேயிலையும். சூடு ஒரு பொருட்டே இல்லை. அதனால் கொதிக்கக் கொதிக்க சாக்லேட் பானம் குடிக்கலாம், ஐஸ் காபி கூடாது. கிரீன் டீயும் தேயிலை என்பதால் கூடாது, மூலிகை டீ பரவாயில்லை. அந்தப் போதனையில் காஃபீன் என்ற பேச்சே இல்லை என்று 2012-ல் சபையே விளக்கியது. சபை நடத்தும் பிரிகாம் யங் பல்கலைக்கழக வளாகத்தில் காஃபீன் கலந்த சோடா விற்பனைக்கு வந்தது 2017-ல்தான்.

ஆரம்பத்தில் இது அறிவுரையாகவே இருந்தது. பிறகுதான் சபையின் சிறப்புச் சடங்குகள் நடக்கும் ஆலயத்துக்குள் போக இதைக் கடைப்பிடித்தாக வேண்டும் என்றானது.

மார்மன்கள் என்றாலே பலரும் கேட்கும் பலதார மணமா? 1890-ல் சபை அதைக் கைவிட்டது. இன்று செய்தால் நீக்கிவிடுவார்கள்.

அதிகம் கேட்கப்படாத ஒன்றையும் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்தது. மாதத்தின் முதல் ஞாயிறு பொதுவாக இரண்டு வேளை உண்ணாமல் இருந்து, அந்தச் சாப்பாட்டுச் செலவை ஏழைகளுக்கென்று சபையிடம் கொடுப்பார்கள்.

அப்புறம், 'மார்மன்' என்ற பெயரை விட 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை' என்ற முழுப்பெயரையே சபை விரும்புகிறது.